பாய் கேட்ட கேள்வி

பெரிய கடைவீதியில் நான் வேலை பார்த்த மளிகைக்கடைக்கு எதிரே ஒரு தையல்காரர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். ஒல்லியான உடம்பு, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. அவர் மனசு சில மாதம் ஒரேயடியாகப் பொங்கும், பிறகு படுத்துவிடும்; அப்படி ஒரு நோய். ஒருமுறை பொங்கியபோது, பெருநாளுக்கு வந்த துணிகளையெல்லாம் கண்டபடி வெட்டித் தள்ளிவிட்டார்.

பொங்கத் தொடங்கினால் முதலில் அவர் பேச்சுதான் வேகமாகும். டாக்டர் மாத்திரையைக் குறைத்ததிலிருந்து தினமும் காலையில் என்னிடம் வருவார்.

"அண்ணே, நான் வேகமா பேசுறேனா? எனக்கே தெரிய மாட்டேங்குது. மத்தவங்களக் கேட்டா சிரிப்பாங்க."

"இல்ல பாய்," என்பேன்.

ஒருநாள் கையில் கத்தரிக்கோலோடு பாடிக்கொண்டே வந்தார். ஸ்ரீரங்கத்தில் இன்னொரு கடை போடப்போகிறாராம், எனக்குச் சட்டை இனாமாம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அப்போதும் அதே கேள்வியைக் கேட்டார்.

"கொஞ்சம் வேகந்தான் பாய்."

"நல்லாப் பாத்துத்தான் சொல்றீங்களா?"

தலையாட்டினேன். கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனார்.

நான் மழுப்பியிருந்தால் அந்தச் சந்தோஷம் இன்னும் இரண்டு நாள் நீடித்திருக்கும். அதை விட்டுவிட்டு, இன்னொருவர் சொல்லை நம்பி அவர் டாக்டரிடம் போனதைப்போல என்னால் போக முடியுமா என்று இன்றும் தெரியவில்லை.