ஆலங்குடியில் ஒரு கண்காட்சி அரங்கு

துபாயில் உலகக் கண்காட்சிக்கான கட்டுமான வேலை நடந்தபோது, ஓர் ஐரோப்பிய நாட்டின் அரங்குக்கு அலுமினியப் பட்டை மாட்டிய வெல்டர்களில் நானும் ஒருவன். நாட்டின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. புத்தி கெட்டுப்போனது எனக்குத்தான்.

அந்த அரங்கில் படியே கிடையாது. ஒரு வாசலில் நுழைந்தால் சாய்தளம் மெல்ல மேலே ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, மறு வாசலில் இறக்கிவிடும். சுவருக்குப் பதில் வெள்ளைப் பட்டைகள். கூரை நடுவில் வட்டமாக வானம். வேலை முடிந்த அன்று சும்மா ஒரு நடை நடந்து பார்த்தேன். அடேயப்பா! கட்டினால் இப்படித்தான் வீடு கட்ட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆலங்குடியில் வாடகை வீட்டில் இருந்த என் மனைவி போனில் கேட்டது ஒன்றே ஒன்று. "எப்படி வேணாலும் கட்டுங்க. அடுப்படி மட்டும் ரோட்டுப் பக்கம் சன்னலோட இருக்கட்டும். சமைக்கிறப்ப வாரவுங்க போறவுங்க தெரியணும்."

"ஜமாய்ச்சிருவோம்" என்றேன்.

லீவுக்கு லீவு வந்து கட்டினேன். ரோட்டுப் பக்கம் முழுக்கப் பட்டை. அந்த அழகில் ஓட்டை போட மனசு வரவில்லை. அடுப்படி சாய்தளத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. சன்னல் இல்லை, பாதி இடத்தில் குனிந்துதான் நிற்க வேண்டும். அவள் கேட்டபோதெல்லாம் "முடியட்டும், அப்புறம் பாரு" என்று வாயை அடைத்தேன். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, இதுல வீடு எங்கிட்டு இருக்கு?"

"ஒங்களுக்குப் புரியாது, வேலையப் பாருங்க" என்றேன். வெளிநாடு பார்த்தவன் திமிர்.

பூச்சு வேலை நடக்கும்போதே ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, "தை மாசம் ஒரு முகூர்த்தம் இருக்குங்க, மண்டபம் கெடைக்குமா?" என்று கேட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது.

கிரகப்பிரவேசத்தன்று வழக்கப்படி பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே விட்டோம். கூடத்தில் நிறுத்திக் கும்பிடலாம் என்று ஐயர் தட்டோடு காத்திருந்தார். பசு நிற்கவில்லை. சாய்தளத்தில் ஏறியது, சுற்றியது, மறு வாசல் வழியாக இறங்கிப் பக்கத்துக் கடலைக் கொல்லையில் மேயப் போய்விட்டது. என் வடிவமைப்பை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான். பின்னாலேயே சொந்தபந்தம். வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், "பிரமாதம் மாப்ள" என்றார்கள், இறங்கிச் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை. உட்கார இடமும் இல்லை. பால் காய்ச்சக் குனிந்த என் மனைவி, நிமிரும்போது மண்டையை நங்கென்று இடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் எல்லோரும் போனபின், வாடகை வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். புது வீட்டில் முதல் நாள் ராத்தங்காமல் போவதா? குடிவரவே மாட்டாளோ?

"ஏங்க, அந்த ஊர்ல கட்டுனீங்களே, அதுல யாராச்சும் குடியிருந்தாங்களா?"

"இல்ல. வருவாங்க, பாப்பாங்க, போவாங்க."

"நீங்களும் பதினோரு வருசமா அப்படித்தானே வாரீங்க, பாக்குறீங்க, போறீங்க. ஒங்களுக்கு இது சரியாத்தான் இருக்கும். எனக்கு இருக்குறதுக்கு ஒரு வீடு வேணுங்க."

"அடுத்த லீவுல மாத்திக் கட்டிருவோம்" என்று சொல்ல வாயெடுத்தேன். லீவு முடிய ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது.