கேதீஸ்வரியின் பூட்டு

ஆரையம்பதி கேதீஸ்வரி அக்காவுக்கு யாரையும் இலேசில் பிடிக்காது. என்னைப் பிடித்ததற்கு ஒரே காரணம், அவருடைய அலுவலகக் கணினி அடிக்கடி படுத்துக்கொண்டதும், கூப்பிட்ட உடனே ஓடிப்போக நான் ஒருவன் இருந்ததும்தான். என் பெயர் ஸியாம். முஸ்லிம்களின் காத்தான்குடியும் தமிழரின் ஆரையம்பதியும் முட்டிக்கொள்கிற இடத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தேன். அந்த எல்லையில் கடை போட்டவனுக்கு இரண்டு ஊர் வாடிக்கையும் வரும். குழப்பம் என்றால் இரண்டு ஊர்க் கல்லும் வரும்.

அக்கா தட்டெழுத்துப் படிப்பித்தவர். மகன் பிறந்த வருடமே கணவர் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனார், திரும்பவில்லை. அந்த மகன் நிலோஜனை, நத்தாருக்கு மறுநாள் சுனாமியாக வந்த கடல் கொண்டுபோனது. வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. பல நாள் கழித்து வாவிக்கரைச் சேற்றில் ஒரு புகைப்படத்தைப் பொறுக்கி எடுத்து வந்தார். பள்ளிக்கூட உடுப்பில் பையன். உப்பும் பூஞ்சையும் ஏறி, தொட்டால் தோல் உரிகிற மாதிரி இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த நிவாரண அலுவலகத்தின் கணினியில்தான் அதை ஸ்கேன் பண்ணிக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் கடதாசி பொடிந்துவிட்டது. ஒரு சிடியில் பிரதி போட்டும் கொடுத்தேன். கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் அதை வாங்கி முறித்துப் போட்டார்கள். சிடி கொண்டு திரிகிறவர்கள் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள் என்று அவர்கள் நினைத்த காலம் அது. ஆக, அவருடைய பிள்ளையின் முகம் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இருந்தது.

யுத்தம் மறுபடி மூண்டபோது அலுவலகத்தின் வேலையும் மாறியது. ஆயுதக் குழுவொன்று வாவிக்கு இருபுறமும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், பிள்ளைகளைப் பிடித்துப்போய்க்கொண்டிருந்தது. தாய்மார் வந்து, யார் வந்தது, எந்த வாகனம், எந்த முகாம் என்று சொல்வார்கள். அக்கா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அவ்வளவையும் தட்டுவார். அழுகிறவர்களை அதட்டுவார். "அழுதா எழுத்துப் பிழைக்கும், சொல்லு கா" என்பார். எந்தத் தாய் வாய் திறந்தாள் என்பது அந்தக் குழுவுக்குத் தெரிந்தால் வீட்டில் மிஞ்சியிருக்கிற பிள்ளையும் போகும். இது சொன்னவளுக்கும் தெரியும், தட்டினவருக்கும் தெரியும்.

அதனால்தான் இலண்டனிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி அந்தக் கணினியில் ஒரு பூட்டுச் செயலியைப் போட்டுவிட்டுப் போனார். கோப்புகளை அது ஒளித்து வைப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் கணக்குப் போட்டு வேறொன்றாக மாற்றிவிடும். வன்தட்டைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டினாலும் தெரிவது வெறும் குப்பை. கடவுச்சொல்லைக் கொடுத்தால் மட்டுமே பழைய எழுத்து திரும்பும். நான் விளக்கியபோது அக்கா ஒரே வரியில் முடித்தார்.

"அரிசியை மறுகா நெல்லாக்கிற வித்தை. திறப்பு இரிந்தா மட்டும் திரும்பவும் அரிசி."

அந்த நெல்லுக்குள்தான் தாய்மாரின் வாக்குமூலங்களோடு நிலோஜனின் படத்தையும் போட்டு வைத்தார். அவர் இருந்த தற்காலிகக் கொட்டிலின் கூரை ஒழுகியது, சாவடியில் முறிக்கிறார்கள், வேறு எங்கே வைப்பது?

அந்தச் செயலியில் ஒரு ஓட்டை இருந்தது. கடவுச்சொல் மறந்துபோனால் ஒரு கேள்வி கேட்கும். அதற்குச் சரியான விடை கொடுத்தால் திறந்துவிடும். விடை மூன்று தரம் பிழைத்தால் திறப்பையே, பூட்டின் சாவியையே, அழித்துவிடும். பிறகு செய்தவனே வந்தாலும் திறக்காது. கேள்வி, தாயின் குடும்பப் பெயர் என்ன என்பது. வெள்ளைக்காரருக்கு அது இரகசியம். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? மட்டக்களப்பில் தமிழருக்கும் சரி, எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கும் சரி, தாய்வழியில் வருவது குடி என்கிற குலப் பெயர். அலுவலகத்தில் எல்லாரும் பெருமையாகத் தாயின் குடியை எழுதி வைத்தார்கள். கோயில் சடங்கில் இன்ன நாள் இன்ன குடிக்கு என்று ஒலிபெருக்கியில் சொல்லுகிற ஊரில் அது இரகசியமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, உங்கட குடி எங்கட ஊர் மீன்காரனுக்கும் தெரியுமே" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. என்னை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு விடையை மாற்றினார். என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "உனக்குத் தெரியாம இரிக்கிறதுதான் உனக்கு நல்லம்" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு வேன் வந்து என் கடை வாசலில் நின்றது. அந்தக் குழுவின் ஆட்கள் இரண்டு பேர் அக்காவின் அலுவலகக் கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். இடுப்பில் துவக்கு. பின்னால் நல்லரத்தினம் வந்தார். ஆரையம்பதிக்காரர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நின்று குடிமுறை பேசுகிறவர். இவர்களோடு எப்படிச் சேர்ந்தார் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. ஷட்டர் இறங்கியது.

"திற," என்றான் ஒருவன்.

இயக்கினேன். கடவுச்சொல் தெரியாது என்று சத்தியம் பண்ணினேன். அடி விழுந்தது. திரையில் அந்தக் கேள்வி வந்து நின்றது. அதைப் படித்துக் காட்டியதும் நல்லரத்தினம் முகம் மலர்ந்துபோனார்.

"தாய்ட பேரோ? குடியைத்தான் போட்டிரிப்பாள். கலிங்க குடி. அடி தம்பி."

அடித்தேன். பிழை என்று வந்தது. நல்லரத்தினத்துக்கு நம்ப முடியவில்லை. குடியைப் பொய் சொல்லுகிற பெண்ணும் ஊரில் இருப்பாளா என்பது அவருடைய கணக்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "புருசன்ட தாய் படையாண்ட குடி. அதைப் போடு" என்றார். அதுவும் பிழைத்தது. இன்னும் ஒரு தரம் மட்டும்தான், அதற்குப் பிறகு திறக்காது என்று திரை சொன்னது. நான் வாசித்துச் சொன்னேன். கடைக்குள் வியர்வை நாறியது.

அக்கா அன்றைக்கு வெல்லாவெளிப் பக்கம் மீள்குடியேறினவர்களைப் பார்க்கப் போயிருந்தார். அவருடைய நம்பரை என் கைத்தொலைபேசியிலிருந்தே எடுத்து அழைத்தார்கள். சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தார்கள்.

"கேதீஸ்வரி அக்கா," என்றான் பெரியவன், வெகு மரியாதையாக. "உங்கட கொம்பியூட்டர் எங்களிட்ட இரிக்கி. ஸியாமும் இரிக்கிறார். கேள்விக்கு என்ன விடை போட்டீங்க?"

அந்தப் பக்கம் காற்றும் எங்கோ ஒரு உழவு இயந்திரமும் கேட்டன.

"எத்தினை தரம் அடிச்ச நீங்க?" என்று கேட்டார் அக்கா.

"ரெண்டு. இனிப் பிழைச்சா இவருக்குத்தான் கரைச்சல்."

பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரம் அக்கா சொல்லிவிட வேண்டும் என்றுதான் மனம் கெஞ்சியது. எந்தத் தாயும் அப்போது என் ஞாபகத்தில் இல்லை. என் உம்மா ஹவ்வா உம்மா மட்டும்தான் இருந்தார்.

அக்கா அழத் தொடங்கினார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை.

"அந்தப் பிள்ளையை ஒண்டும் செய்யாதீங்க. குடியைப் போடல்ல. என்ட மகன்ட பேரைத்தான் போட்டன். நிலோஜன்."

நல்லரத்தினம் தலையை ஆட்டினார். "ஓம், சரிதான். அவளுக்கு வேற என்ன இரிக்கி?"

ஊர் முழுக்க நம்பியிருக்கும். நானும் நம்பினேன். அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தேன். தாய்மாரின் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் கடைசிப் பொத்தானை அமத்தினேன்.

திரை ஒரு கணம் வெறுமையாகி, திறப்பு அழிக்கப்பட்டது என்ற ஒற்றை வரி வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அக்கா வேண்டுமென்றே பிழையான பெயரைத் தந்திருக்கிறார். ஆனால் வாய் என்னவோ தானாகவே பேசியது.

"திரை இன்னொரு தரம் எண்டு காட்டினாலும், முதல் ரெண்டும் பிழையாப் போட்டதால உள்ளுக்குப் பூட்டிட்டுது. இனிச் சரியான சொல்லை அடிச்சாலும் திறக்காது."

அந்த இரண்டும் யாருடையவை என்று அவர்களுக்குத் தெரியும். துவக்குக்காரர்கள் நல்லரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியை ஓர் உதை உதைத்துவிட்டு, அவரைப் பிடரியில் தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கும் போகிற போக்கில் இரண்டு அறை கிடைத்தது. அன்றைக்கு அது எனக்கு மிகவும் மலிவு.

மறுநாள் அக்கா கடைக்கு வந்தார். நெளிந்துபோன பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"இதை இனித் திறக்க ஏலுமா தம்பி?"

"ஏலா அக்கா. இதுக்கு நீங்களும் ஒண்டுதான், அவனுகளும் ஒண்டுதான்."

"அப்ப நல்லாத்தான் பூட்டியிரிக்கன்" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு என் கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு அன்பு இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பிறகு வேறு கணினி வந்தது. தாய்மார் ஒவ்வொருவராக வந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார்கள். அக்கா மறுபடி தட்டினார், அதே அதட்டலோடு. கேள்வி கேட்கிற வசதியை என்னைக் கொண்டே நீக்குவித்தார். அந்தப் பெயர்கள் யாருடைய கைக்கும் போகவில்லை. யுத்தம் முடிந்த வருடம் பிள்ளைகளில் சிலர் வீடு வந்தார்கள். பலர் வரவில்லை.

வந்த பிள்ளைகளில் ஒருத்தியான கஜானியை அவளுடைய தாய் அலுவலகத்துக்குக் கூட்டி வந்து காட்டினாள். நான் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, நீ அந்தப் படத்தைப் பாத்த நீதானே. அதில அவன் சிரிச்ச மாதிரியா, சும்மா நிண்ட மாதிரியா? எனக்கு இப்ப சரியா வருகுதில்லை."

அன்றைக்கு ஸ்கேன் பண்ணும்போது நான் பார்த்தது ஓரத்தில் ஏறியிருந்த பூஞ்சையை மட்டும்தான். முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"சிரிச்ச மாதிரி அக்கா," என்றேன்.

"ஓம்," என்றார் அக்கா. "சிரிச்சுக்கொண்டுதான் நிண்டவன்." பிறகு விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினார்.