தகரம் சொன்ன அடுத்த வருஷம்

காலண்டர் அச்சகத்தில் ஆகஸ்டிலேயே அடுத்த வருஷம் பிறந்துவிடும். பொழுதன்றைக்கும் அடுத்த வருஷத் தேதிகளோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்குக் கை தானாக அந்த வருஷத்தையே எழுதும். லீவு லெட்டரில் அப்படி எழுதி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அங்கே கிடையாது.

அவள் தேதிக் கட்டங்களை அடுக்கிப் பிழை பார்ப்பவள். அதனால் பெயரே கட்டம். அவர் காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிப்பவர். தகரம். கட்டத்துக்கும் தகரத்துக்கும் கல்யாணம் என்பது அச்சகம் முழுக்கத் தெரிந்த சேதி. எப்போது என்பதுதான் தெரியாது. கேட்கும்போதெல்லாம் தகரம், அடுத்த வருஷம் என்பார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். அவருடைய அக்காவே அலுத்துப்போய், டாக்டர் சொன்ன தேதி தாண்டியும் வெளியே வர யோசித்த பிள்ளைதானே இவன் என்று சொல்லிவிட்டாள்.

கட்டத்துக்கு நாற்பது தாண்டிவிட்டது. இன்னொரு முறை தள்ளிப்போட்டால் வெளியூரில் தம்பி வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், சுவரில் தொங்கிய இந்த வருஷக் காலண்டரைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். தாளின் ஓரத்தில் ஒரே வருஷத்துக்கு நாலு எண்கள். ஆங்கில வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம், ஹிஜ்ரி ஆயிரத்து நானூற்றுச் சொச்சம், பௌத்தர்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம், யூதர்களுக்கு ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.

"நீங்க சொல்ற அடுத்த வருஷம் இதுல எது? ஹிஜ்ரியில போன மாசமே பொறந்தாச்சு. யூதர் கணக்குல அடுத்த மாசம் பொறக்குது. விரலை வைங்க."

தகரம் கையைத் துடைத்துக்கொண்டார். விரல் எண்களின் மேல் கொஞ்சம் சுற்றிவிட்டு, எதையும் தொடாமல் கட்டங்களுக்கு இறங்கியது.

"வருஷம்தான் ஆளுக்கொண்ணா இருக்கு. வெள்ளிக்கிழமை எல்லாத்துலயும் வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமா."

"அப்ப வர்ற வெள்ளி."

"வெள்ளையடிக்கலையே?"

"ரெண்டு பேருமா அடிப்போம்."

வெள்ளிக்கிழமை மெஷினை நிறுத்திவிட்டு அச்சகமே பதிவு அலுவலகத்துக்குத் திரண்டது. நாற்காலி போதாமல் பாதிப் பேர் ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள். தகரம் கையெழுத்துப் போட்டுக் கீழே தேதியும் எழுதினார். பதிவாளர் கண்ணாடியை இறக்கிவிட்டு, என்ன சார், அடுத்த வருஷம் போட்டிருக்கீங்க என்றார்.

அக்கா முந்திக்கொண்டாள். "சொன்ன சொல் தவறமாட்டான் என் தம்பி."

ஜன்னலில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். அவள் கையும் அதே வருஷத்தைத்தான் எழுதியது.