கோமதி என் பின்னால்தான் வந்தார்

கோமதி போய்விட்டார்.

காலையில் அவருடைய அண்ணன் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "பழைய ஆபீஸ் ஆட்கள்ல சார் ஒருத்தர்தான் மிச்சம்னு அத்தை சொல்லுவா... அதான் சொல்றேன்."

ஆரியசாலையில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். தொண்ணூறு வயதில் ஒற்றை விரலால் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே friends-ல் பாதிப் பேர் என் பழைய மாணவர்கள். போன மாதம்கூட உங்களில் ஒருவர் என் கிளாஸ் நோட்ஸைப் போட்டோ எடுத்துப் போட்டு, "இப்படி ஒரு வாத்தியார் இனி வருவாரா" என்று எழுதியிருந்தீர்கள். நானும் லைக் போட்டேன். வெட்கம்.

நாற்பதுகளில், யுத்தம் முடிந்த கையோடு, திருவனந்தபுரத்தில் எங்கள் காலேஜில் ஒரு கமிட்டி போட்டார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள், நிர்வாகம் யார் கையில் இருக்கிறது, எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள்... விசாரித்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

நான் அதற்கு செகரட்டரி. வேலை நிரந்தரமாகாத லெக்சரர். கோமதி டைப்பிஸ்ட்.

ரிப்போர்ட்டை எழுதியது நான் என்றுதான் ஊர் நம்பியது. உலகம் முழுக்கக் கடிதம் போட்டதும், மாதக்கணக்கில் கப்பலில் வந்த பதில்களை வரிக்கு வரி படித்ததும், எந்த ஊரில் என்ன முறை என்று தனித்தனி ஃபைல் கட்டியதும் அவர். நான் கையெழுத்துப் போட்டேன். சில நாள் அதற்கும் சோம்பல்.

ஒரு நாள் ஒரு பதிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாரே, இவங்க கிளாஸ்ல ஒரு ஆளை உக்கார வச்சுப் பாத்திருக்காங்க. வாத்தியார் எவ்வளவு நேரம் பேசுதாரு, பிள்ளைங்க என்ன கேக்குதுன்னு. நம்ம இங்கயும் பாத்தா என்ன?"

"பார்ப்போமே. முதல்ல என் கிளாஸுக்கு வாங்கோ," என்றேன். என் கிளாஸைப் பார்த்தால் அசந்துபோவார் என்று நினைப்பு... எனக்கு என் மேல் அவ்வளவு மதிப்பு.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது பெண்கள் தனியாக வகுப்புக்குள் நுழைய மாட்டார்கள். லேடீஸ் ரூமில் காத்திருந்து, லெக்சரர் வந்ததும் அவர் பின்னால் வரிசையாக வந்து முன் பெஞ்சில் உட்காருவார்கள். மணி அடித்தால் அவர் பின்னாலேயே வெளியே போவார்கள்.

கோமதியும் அப்படித்தான் வந்தார். ஆபீஸ் டைம்பீஸைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு... நடு வகுப்பில் அது அலாரம் அடித்துவிட்டது. பையன்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் முகம் சிவந்துபோனது, ஆனால் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

மூன்று வாரம் பல வகுப்புகளில் உட்கார்ந்தார். கடைசியில் ஒரே ஒரு பக்கம் டைப் செய்து ரிப்போர்ட்டில் சேர்த்தார். யார் பெயரும் கிடையாது.

எது என் வகுப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "நோட்ஸ் சொல்லி எழுத வைத்தது, நாற்பத்தைந்து நிமிஷம். மாணவர் கேட்ட கேள்வி, இல்லை. அலாரம், ஒரு முறை."

எல்லாவற்றிலும் அதுதான் மோசம்.

கமிட்டித் தலைவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய வகுப்பும் அதில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. "ஒரு டைப்பிஸ்ட் பெண் வகுப்புக்குள் எப்படி வந்தாள்? யார் பெர்மிஷன் கொடுத்தது?"

கோமதி கதவுப் பக்கம் ஃபைல்களோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

என் வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் அந்த வாரம் தலைவரின் மேஜையில்தான் கிடந்தது.

"எனக்குத் தெரியாது சார். என் பின்னால் யார் யார் வருகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்ப்பதில்லை," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஒழுக்கமான பையன் என்று ஒருவர் பாராட்டினார்கூட.

 கோமதி ஃபைல்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தை ரிப்போர்ட்டிலிருந்து நானே உருவி எடுத்துவிட்டுத் திரும்ப டேக் கயிற்றைக் கட்டினேன். மறுநாளே அவரைப் பரீட்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ரிட்டையர் ஆகும்வரை ஹால் டிக்கெட்டில் நம்பர் எழுதினார்.

நான் புரொஃபசர் ஆனேன். "பல்கலைக்கழகங்களில் மாற்றம்" என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினேன், அவர் கட்டிய ஃபைல்களை வைத்துக்கொண்டு. வகுப்பில் மட்டும் அதே நோட்ஸ். நீங்கள் போட்டோ எடுத்துப் போட்டீர்களே... அதேதான்.

பல வருஷம் கழித்து, கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை பார்த்தேன். இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது.

"சாரே, சொகமா இருக்கியளா? பிள்ளைங்க இப்பமாவது கேள்வி கேக்குதா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கரமனை பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அடுத்த பஸ் பத்து நிமிஷத்தில் வந்திருக்கும்... எனக்குத் தெரியும்.

இன்று ஆரியசாலையில் அவரை ஏற்றிய வண்டி கிளம்பும்போது அண்ணன் மகள் என் கையைப் பிடித்தாள். "சார், வயசானவங்க... முன்னால வந்து வண்டியில ஏறிக்கிடுங்க."

"வேண்டாம் மோளே. நான் பின்னாலயே வரேன்," என்றேன். தெரு முக்கு வரைக்கும்தான் நடக்க முடிந்தது.

போய் வாருங்கள், கோமதி.

பின்னால் வந்தது யார் என்று அங்கே எவராவது கேட்டால்... தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.