சித்தியை உளவு பார்த்த கோடை

சித்தி டாக்டர் படிப்பை முடித்து, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. மத்திகிரியில் எங்கள் வீட்டில் தங்கி, தினமும் டவுன் பஸ்ஸில் போய்வந்தாள். ஒரு வருடம்தான் அங்கே, பிறகு மேல்படிப்பு, அப்புறம் பெங்களூரில் இதய நிபுணர் என்று அப்பா கம்பெனியில் ஷிப்டுக்கு ஷிப்டு சொல்லி வைத்திருந்தார். அவருடைய சூப்பர்வைசர் தன் நெஞ்சுவலியையே சித்திக்காக ஒத்திப்போட்டிருந்ததாகக் கேள்வி.

அப்படிப்பட்ட சித்தி, மேல்படிப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு பிசைந்தபடியே சொன்னாள். "எனக்கு அங்கயே நல்லாருக்கு மாமா."

அங்கே நன்றாக இருக்க என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது: யாரோ ஒரு பையன். விடுமுறையில் சும்மா கிடந்த என்னைச் சித்தியோடு அனுப்பினார்கள். "யாரு வர்றா, யாரு போறான்னு பாத்துட்டு வா," என்று தலை பின்னும்போது அம்மா காதோடு சொன்னாள்.

முதல் நாளே ஆள் அகப்பட்டான். காலையில் இரண்டு முறை வந்து, சித்தியிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். மதியம் மூன்றாம் முறை வந்தபோது, சித்தி ஒரு பையை எடுத்துக்கொண்டு அவனுடைய பைக்கில் ஏறினாள். நானும் ஓடிப்போய் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பைக் ஒரு ரோஜாத் தோட்டத்தில் நின்றது. உள்ளே, செடிகளுக்கு நடுவே அவனுடைய அப்பா ஒளிந்திருந்தார். தெலுங்கு பேசுபவர், சர்க்கரை நோய்க்காரர், பாதத்தில் புண். மகன் காலையில் இரண்டு தடவை கூப்பிட்டும் வர மறுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வந்தால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம்.

சித்தி செம்மண்ணில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தெலுங்கில் ஆறுதலாக, "காலு கொடதா," என்றாள். கிழவர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"மேடம், கழுவுறேன்னா கடுகுதா. நீங்க அடிக்கிறேன்னு சொல்லிட்டீங்க," என்றான் மகன்.

கிழவர் பொக்கை வாய் திறந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் கால் தானாக மடிக்குத் திரும்பி வந்தது. கட்டுப் போட்டு முடித்ததும், தினமும் வருவாயா என்று கையை நீட்டினார். சித்தி அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

வீட்டு வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். "யாராச்சும் உண்டா?"

"உண்டு. தெனமும் வர்றேன்னு சித்தி சத்தியமே பண்ணிருச்சு."

அப்பா தண்ணீர் கேட்டார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஆளு எப்படி?" என்றாள்.

"ஒரு பல்லுகூட இல்ல."

சித்தி சிரித்துச் சிரித்துப் புரையேறி, அதன்பிறகுதான் நடந்ததைச் சொன்னாள். அப்பா சமாதானமாகவில்லை. "கட்டுப் போட ஒரு நர்ஸ் போதாதா?"

"போதும் மாமா. படிச்சப்ப பெரிய ஆஸ்பத்திரில எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டு அனுப்பினோம். அப்புறம் அவங்க என்னானாங்கன்னே தெரியாது. இவரு கால் என்ன ஆகுதுன்னு நான் பாக்கணும்."

உளவு வேலை முடிந்தும் நான் நிற்கவில்லை, ரோஜாவுக்காகச் சித்தியோடு போய்க்கொண்டிருந்தேன். சில நாள் அவள் முகம் சுண்டித் திரும்பினாள். சில நாள் தெலுங்கு பேசிப் பார்த்தபடி வந்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம், நாங்கள் கிளம்பும் நேரத்தில் கிழவர் தன்னந்தனியாக நடந்தே சுகாதார நிலையத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு பாதத்தைப் பெஞ்சுமேல் தூக்கி வைத்தார். சித்தி குனிந்து பார்த்தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டாள், மாத்திரை கொடுப்பவரைக் கூப்பிட்டாள், கூட்டிப் பெருக்கும் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். புண் இருந்தபோது பார்த்தாள், சரி. ஒன்றுமே இல்லாத காலில் அப்படி என்ன பார்க்கிறாள் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. பஸ் போய்விடுமே என்று அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றேன்.