மஞ்சள் விளக்கு எரிந்த டிஸ்க்

இன்று தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. சர்வரிலிருந்த நான்கு டிஸ்க்குகளில் ஒன்று செத்துவிட்டது. இன்னொன்றும் போனால், இத்தனை வருடப் படங்களும் போய்விடும்.

சர்வரை நிறுத்தாமலே பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினேன். சர்வர் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மஞ்சள் விளக்குதான் எரிந்தது.

"என்னண்ணே, படமெல்லாம் போயிருமா?" என்றார் ஸ்கேன் எடுக்கும் செல்வி.

கடையில் புதியது என்று கொடுத்த டிஸ்க், ஏற்கெனவே வேறொரு சர்வரில் ஓடியது. அதில் மிச்சமிருந்த அந்த வேறு சர்வரின் பதிவை அழித்த பிறகுதான் விளக்கு பச்சையானது. மற்ற மூன்று டிஸ்க்குகளிலிருந்து தரவு அதில் ஏறத் தொடங்கியது.

"பழைய படம் தொறக்குதான்னு பாத்துருவோம். ஏதாவது ஒரு பேரு சொல்லுங்கண்ணே."

யோசிக்காமல் அப்பா பெயரைச் சொல்லிவிட்டேன். முன்பு இங்கே எடுத்த அவருடைய நெஞ்சு ஸ்கேன் திரையில் தெளிவாக வந்தது.

"உங்க அப்பாவா? இப்ப எப்படி இருக்காக?"

"போன மாசம் தவறிட்டாக."

படத்தை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் செல்வி மவுஸைப் பிடித்தபடியே இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

"தொறக்குதுல்லா, அது போதும்" என்றேன்.

டிஸ்க் முழுதாக ஏற இன்னும் ஆறு மணி நேரம் ஆகும் என்று காட்டுகிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். முடிந்ததும் குளிக்கப் போகலாம்; குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, இதைப் படிக்கிற யாராவது சொல்லுங்கள்.