எளிமையான வாட்ச்

இன்று ஸ்ரீரங்கத்தில் சத்திரம் பேருந்து நிலையம் போகும் பஸ் ஏறினேன். பழைய ஆபீஸ் நண்பர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கார் சர்வீஸில் இருக்கிறதாம்.

உட்கார்ந்ததும் மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வெள்ளை முகப்பு, கறுப்புத் தோல் பட்டை. அவ்வளவுதான்.

"சிம்பிளா இருக்குல்ல? தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தாங்க இதோட அருமை தெரியும்."

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

மாம்பழச்சாலை ஸ்டாப் வரை விளக்கினார். விலையை இரண்டு முறை சொன்னார்.

அங்கே கைக்குழந்தையோடு ஏறிய பெண், நிற்கத் தடுமாறி, "கொஞ்சம் பிள்ளைய வச்சுக்கிறீங்களா?" என்று அவரிடம் கேட்டார்.

"பட்டையில எச்சில் பட்டுடும்மா" என்று கையை இழுத்துக்கொண்டார்.

நான் வாங்கிக்கொண்டேன். ஆற்றுப் பாலம் முடியும்வரை குழந்தை என் சட்டைப் பொத்தானை மென்றது. நண்பர் வாட்ச் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எளிமைக்கு இவ்வளவு பாதுகாப்பு வேண்டுமென்று இன்றுதான் தெரிந்தது. உங்கள் பக்கத்து சீட்டில் இப்படி எளிமையானவர் யாராவது உண்டா?